பெயர் ஒன்று, விலை பல: டொமைன் மறுவிற்பனையில் பின்னொட்டின் பங்கு

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவனத்துக்காக ஒரே பெயரை டாட் காமிலும் டாட் இன்னிலும் பதிவு செய்து வைத்திருந்தோம். நிறுவனத்தின் பெயர் மாறிவிட்டதால் இரண்டையும் விற்க விரும்புகிறோம். பெயர் ஒன்றுதானே, இரண்டுக்கும் ஒரே விலை கேட்கலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: கேட்கலாம், ஆனால் டாட் இன்னுக்கு அந்த விலை கிடைப்பது அரிது. ஒரு டொமைனின், அதாவது இணைய முகவரியின், மறுவிற்பனை விலை, அதை வாங்கும் தேவையும் பண வசதியும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அமைகிறது. டாட் இன் பெயரைத் தேடி வருபவர் பெரும்பாலும் இந்தியாவில் தொழில் செய்பவராக இருப்பார். டாட் காமுக்கோ எந்த நாட்டிலிருந்தும் ஆள் வரலாம். அத்துடன், 1985இல் புழக்கத்துக்கு வந்த டாட் காம் மக்களின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் காதில் கேட்டவர், அதன் பின்னால் டாட் காம் சேர்த்துத் தட்டச்சு செய்து பார்ப்பதே வழக்கம்.

இந்தப் பழக்கத்தின் வலிமையை அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் என்ற இணைய விற்பனை நிறுவனம் பெரும் செலவில் தெரிந்துகொண்டது. கொலம்பியாவுக்கு உரிய டாட் கோ பின்னொட்டில் 'ஓ' என்ற ஒற்றை எழுத்து முகவரியை 2010இல் 3.5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, அதையே தன் புதிய பெயராகவும் விளம்பரம் செய்தது. வாடிக்கையாளர்களில் பலர் 'ஓ டாட் காம்' என்று தட்டச்சு செய்து, யாருக்கும் ஒதுக்கப்படாத, இயங்காத முகவரியில் போய் நின்றார்கள். நிறுவனம் பழைய பெயருக்கே திரும்ப நேர்ந்தது. டெஸ்லாவும் பல ஆண்டுகள் 'டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காம்' என்ற முகவரியில் இயங்கிய பிறகே, 2016இல் 'டெஸ்லா டாட் காமை' அடைந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு மேலான முயற்சியும் 1.1 கோடி டாலரும் ஆனதாக எலான் மஸ்க் பின்னர் தெரிவித்தார். வேறு முகவரியில் வளர்ந்துவிட்ட நிறுவனம் ஒரு நாள் டாட் காமைத் தேடி வரும் என்ற எதிர்பார்ப்பும் அந்தப் பின்னொட்டின் விலைக்குள் அடங்கியிருக்கிறது.

உங்கள் பெயரில் ஊரின் பெயரோ இந்தியச் சொல்லோ இருந்தால், வெளிநாட்டில் அதற்குத் தேவை குறைவு என்பதால், இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு சுருங்கிவிடும். எதுவானாலும் இரண்டையும் பிரிக்காமல் ஒருவருக்கே விற்பதுதான் நல்லது என்பது என் கருத்து. டாட் காமை வாங்குபவர், அதே பெயரில் டாட் இன் இன்னொருவர் கையில் இருப்பதை விரும்ப மாட்டார். பேரம் பேசும்போது அது உங்களுக்குத் துணையாகும்.

கேள்வி: டாட் ஏஐ பெயர்கள் பெரும் தொகைக்கு விற்கப்படுகின்றன. கல்லூரி மாணவனான நான் சேமிப்பிலிருந்து சில பெயர்களை வாங்கி வைக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: டாட் ஏஐ, கரீபியக் கடலில் உள்ள அங்குவிலா என்ற சிறு தீவுக்குரிய நாட்டுக் குறியீடு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் அதற்கு ஏற்பட்ட தேவையால், 2023இல் மட்டும் அந்தத் தீவின் அரசுக்குச் சுமார் 3.2 கோடி டாலர் வந்தது. அது அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே தேவை உண்மையானதுதான். ஆனால் நல்ல பொதுச் சொற்கள் ஏற்கெனவே பிறர் கையில் இருக்கின்றன. மீதமுள்ளவற்றைப் பதிவு செய்வதானால் குறைந்தது 2 ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். அதுவும் டாட் காம் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். பத்துப் பெயர்களை வைத்துக்கொண்டு வாங்க ஆள் வராமல் புதுப்பித்துக்கொண்டே போனால், உங்கள் சேமிப்பு அதிலேயே கரைந்துவிடும்.

நாட்டுக் குறியீடுகளில் மற்றோர் இடரும் உண்டு: விதிகளை அந்த நாடோ அதன் அரசியல் நிலையோ மாற்றக்கூடும். லிபியாவின் டாட் எல்ஒய் பின்னொட்டில் இருந்த ஒரு முகவரி, உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்று 2010இல் பறிக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், அந்நாட்டில் வாழ்ந்த பல்லாயிரம் பேரின் டாட் இயூ முகவரிகள் 2021இல் முடக்கப்பட்டன. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கப்போவதாகப் பிரிட்டன் 2024இல் அறிவித்ததும், அத்தீவுகளுக்குரிய டாட் ஐஓவின் எதிர்காலம் பற்றியும் ஐயம் எழுந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2023இல் 1.55 கோடி டாலருக்குக் கைமாறிய 'சாட் டாட் காம்', பின்னர் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது 2024இல் தெரியவந்தது. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னணி நிறுவனமே டாட் காமை நாடியிருக்கிறது. தயவுசெய்து படிப்புக்கான பணத்தை இதில் முடக்க வேண்டாம்.

கேள்வி: டாட் எக்ஸ்வைஇசட், டாட் ஆன்லைன் போன்றவை முதல் ஆண்டுக்கு மிக மலிவாகக் கிடைக்கின்றனவே?
— வாசகி, சேலம்

பதில்: முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், அமெரிக்க வணிகத் துறையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மொத்த விற்பனை விலையை ஓர் எல்லைக்குள்தான் உயர்த்த முடியும். 2012இல் விண்ணப்பங்கள் பெறப்பட்டு அதன்பின் வந்த புதிய பின்னொட்டுகளுக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. 2017இல் அவற்றில் சிலவற்றின் கட்டணம் ஒரேயடியாகப் பல மடங்கு உயர்த்தப்பட்டது. வாங்க வருபவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே விலை சொல்வார். கூடவே, மலிவான பின்னொட்டுகளை மோசடிக்காரர்கள் மொத்தமாக வாங்குவதால், அவற்றிலிருந்து செல்லும் மின்னஞ்சல்கள் சில இடங்களில் வடிகட்டப்படுகின்றன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015இல் டாட் எக்ஸ்வைஇசட் முகவரியைத் தேர்ந்தெடுத்தது உண்மையே; அந்த நிறுவனத்துக்கு முகவரியால் பெருமை வர வேண்டிய நிலை இல்லை.

கேள்வி: டாட் இலங்கை, டாட் இந்தியா எனத் தமிழ் எழுத்திலேயே உள்ள முகவரிகளுக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இன்றைய நிலையில் மிகக் குறைவு. கணினிக்குள் இந்த முகவரிகள் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே கையாளப்படுகின்றன. தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியை ஏற்காத படிவங்களும் ஏராளம். ஆயினும் தமிழ் வாசகர்களுக்காக இதழோ பள்ளித் தளமோ நடத்துபவர்கள் பயன்படுத்துவதற்காகவே இவற்றை வாங்க வேண்டும் என்று விரும்புகிறேன். பயன்பாடு பெருகாமல் சந்தை உருவாகாது.

கேள்வி: ஒரு பிரபல நிறுவனத்தின் பெயர் டாட் இன்னில் காலியாக உள்ளது. பதிவு செய்து அவர்களுக்கே விற்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. டாட் இன் முகவரிகளுக்கெனத் தனியான தீர்வு நடைமுறையும் இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் நடுவர்கள் பொதுவாகப் பெயரை மட்டுமே ஒப்பிடுவார்கள். பின்னொட்டு வேறு என்ற வாதம் எடுபடாது. முகவரி அந்த நிறுவனத்துக்கு மாற்றப்படும், நீங்கள் செலுத்திய கட்டணமும் திரும்ப வராது.