கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சை: வாட்ஸ்அப் குழு ஓட்டாக மாறுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு என்று மண்டல அலுவலகத்துக்கு நடக்காத வாரம் இல்லை. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நில்லுங்கள் என்று சங்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். கையில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. ஜெயிக்க வாய்ப்பு உண்டா? எங்கள் வார்டு பெண்களுக்குப் போய்விட்டால், அரசுப் பள்ளி ஆசிரியையான என் மனைவியை நிறுத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாய்ப்பிலிருந்தே தொடங்குவோம். 2022 பிப்ரவரி தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளில் சுயேச்சைகள் ஜெயித்தது 5. தி.மு.க. மட்டும் 153. இதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடலாம் என்று தோன்றும். மூட வேண்டாம், இன்னொரு எண்ணையும் பாருங்கள். அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவானது 43.59 சதவீதம். மாநிலம் முழுக்க 60 சதவீதத்தைத் தாண்டியபோது தலைநகரில் பாதிப் பேர்கூட வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் அப்போது ஏறக்குறைய 61 லட்சம் வாக்காளர்கள். ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000. அதில் வந்து போட்டவர்கள் சுமார் 13,000. நான்கைந்து பேர் பிரித்துக்கொண்டால் ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டு வாங்கியவர் கவுன்சிலர். வார்டுக்கு வார்டு இது நிறைய மாறும். ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டை மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிட்டிருக்கிறது. உங்கள் வார்டின் கணக்கை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு யோசியுங்கள். உங்கள் இலக்கு 30,000 பேர் அல்ல, ஓர் ஆறாயிரம் பேர்.

சரி, அந்த ஆறாயிரம் பேர் யார்? இங்கேதான் உங்களைப் போன்ற சங்கத்துக்காரர்கள் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் 250 பேர் இருப்பார்கள். நீங்கள் நிற்கப் போவதாகச் சொன்னதும் கைகூப்பும் படங்கள் வந்து குவியும். ஓட்டுப் பதிவு அன்று அவர்களில் பாதிப் பேர் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் பெயர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும். மகன் பெங்களூரில் இருப்பான், மகள் அமெரிக்காவில். கட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் அடுக்குமாடிகளில் நோட்டீஸைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பின் தெருக்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அங்கே ஓட்டு விழுகிறது. அங்கே உங்கள் சங்கத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்களும் குறைவு.

ஆகவே முதல் வேலை மேடை அல்ல, வாக்காளர் பட்டியல். உங்கள் வார்டின் பட்டியலைப் பாகம் பாகமாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். அச்சகம் இருக்கிறது, செலவு பெரிதாகத் தெரியாது. தெருவுக்கு ஒருவரைப் பிடித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிக்கச் சொல்லுங்கள்: இங்கே இருக்கிறாரா, குடிபெயர்ந்தாரா, இறந்துவிட்டாரா, போன தடவை போட்டாரா, நம்மைத் தெரியுமா. சங்க உறுப்பினர் வீட்டில் பெயர் இல்லாதவர் இருந்தால் இப்போதே சேர்க்க விண்ணப்பம் கொடுக்க வையுங்கள். சட்டமன்றத் தொகுதியின் பட்டியலிலிருந்துதான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. ஒரே தெருவின் ஒரு பக்கம் இந்த வார்டிலும் மறு பக்கம் அடுத்த வார்டிலும் இருக்கும்; உங்கள் ஆதரவாளர்கள் எந்தப் பக்கம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல பேருக்கு அலுப்பூட்டும் வேலை இது. இதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றால் தேர்தலுக்கும் ஆள் கிடைக்காது. அப்போதே முடிவு எடுத்துவிடலாம்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்குச் சற்றே உறுத்திய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அச்சகம். மண்டல அலுவலகத்துக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எதாவது அடித்துக் கொடுக்கிறீர்களா? மாநகராட்சியோடு ஒப்பந்தத்தில் பங்கு இருப்பவர் அதன் உறுப்பினராக முடியாது. சிறிய ஆர்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். வேட்புமனுப் பரிசீலனை நாளில் எதிராளியின் வக்கீல் கையில் ஒரு பில் நகல் இருந்தால் போதும், சிக்கல்தான். நடப்பு வேலைகளை முடித்து, பணத்தையும் வாங்கி, மனுத் தாக்கலுக்கு வெகு முன்பே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். சொத்து வரி, தொழில் வரி பாக்கியையும் கட்டி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

இரண்டு, உங்கள் மனைவி. அரசு ஊழியர் வேலையில் இருந்துகொண்டே போட்டியிட முடியாது. ராஜினாமா செய்ய வேண்டும். கவுன்சிலருக்கு 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். ஆசிரியர் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் விட்டுவிட்டு வா என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதோடு, நீங்களே நின்றாலும் அவர் உங்களுக்காக வீடு வீடாக வரக் கூடாது. நடத்தை விதிகள் இடம் தராது. பிரசார ஆட்டோவில் அவர் உட்கார்ந்திருக்கும் ஒரு படம் போதும், நடவடிக்கை அவர்மேல் வரும்.

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. உங்கள் வார்டு எந்தப் பிரிவில் வருகிறது என்பது அரசாணை வந்த பிறகுதான் உறுதி. பெண்கள் வார்டானால் சங்கத்திலேயே ஓடியாடி வேலை செய்யும் பெண் யாராவது இருப்பார். அவரை இப்போதே முன்னே கொண்டுவாருங்கள்; கூட்டத்தில் அவர் பேசட்டும், மனுவில் அவர் கையெழுத்து இருக்கட்டும். கடைசி வாரத்தில் மனைவியையோ அம்மாவையோ நிறுத்திவிட்டு, போஸ்டரில் கணவன் படத்தைப் பெரிதாகப் போடுவது கட்சிக்காரர்களின் பழக்கம். அதையே நீங்களும் செய்தால் சுயேச்சைக்கு என்று தனியாக என்ன இருக்கிறது? நீங்களே நிற்க வேண்டும் என்றால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: மாநகராட்சிப் பட்டியலில் எங்கே பெயர் இருந்தாலும் பக்கத்து வார்டில் நிற்கலாம். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஆனால் நாலு தெரு தள்ளினால் உங்களை யாருக்குத் தெரியும் என்பதையும் யோசியுங்கள்.

காலத்தைப் பற்றி. இப்போதைய மாமன்றம் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றது. ஐந்து ஆண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் தேர்தல் என்பது அரசியல் சட்டம். நடைமுறை வேறு: 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது நீதிமன்றம், வார்டு எல்லை மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போய் 2022இல்தான் நடந்தது. தள்ளிப் போகும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அறிவித்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. 2022இல் ஜனவரி 28 மனுத் தாக்கல் தொடக்கம், பிப்ரவரி 4 கடைசி நாள், 5 பரிசீலனை, 7 வாபஸ், 19 ஓட்டுப் பதிவு. வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். கட்சிக்காரருக்கு ஐம்பது வருடமாகச் சுவரில் இருக்கும் சின்னம். உங்கள் சின்னம் வார்டுக்குள் போய்ச் சேர 12 நாள். கேட்டதே கிடைக்கும் என்பதும் இல்லை. அதனால் சின்னம் வருவதற்கு முன்பே உங்கள் முகமும் பெயரும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சின்னம் கேட்கும்போது பாட்டி ஒருவர் ஒரே பார்வையில் அடையாளம் சொல்லக்கூடிய பொருளாகப் பார்த்துக் கேளுங்கள்.

என்ன வாக்குறுதி கொடுப்பது? மடிப்பாக்கத்தில் எல்லாரும் கேட்கப் போவது பாதாளச் சாக்கடையும் தோண்டிப் போட்ட தெருவும். பாதாளச் சாக்கடையும் குடிநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, கவுன்சிலருடையது அல்ல. மின்வெட்டு மின் வாரியத்துடையது. உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், இவை மாநகராட்சியின் வேலை. குழாய் பதிக்க வாரியம் தோண்டுகிறது, மேலே சாலை போடுவது மாநகராட்சி. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் தெரு குழியாகவே கிடக்கிறது. ‘பாதாளச் சாக்கடை கொண்டுவருவேன்’ என்று அச்சடிக்காதீர்கள். ‘எந்தத் தெரு தோண்டப்பட்டது, எப்போது மூடப்படும் என்ற பட்டியலை மாதாமாதம் தெருமுனையில் ஒட்டுவேன்’ என்று சொல்லுங்கள். அதை ஜெயிக்காமலே இன்றே செய்யலாம். அதுதான் உங்கள் பிரசாரம்.

அதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். 14ஆவது மண்டலமான பெருங்குடியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வார்டில் எடுத்த வேலைகள், ஒப்பந்தத் தொகை, முடிந்த தேதி, தெரு வாரியாக. 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் முழுக் கோப்பையும் பரப்பாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவின் கணக்கை மட்டும் அரைத்தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். காகிதத்தில் போட்டதாக இருக்கும் வடிகால் வீட்டு வாசலில் இல்லை என்றால், அந்தத் தாள் உங்களைவிட நன்றாகப் பேசும். வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பரில் தொடங்கின; அவற்றுக்கும் போங்கள். பெயருக்கு நடந்தாலும் கேள்வியைப் பதிவு செய்யலாம். மற்ற தெருக்காரர்கள் உங்களைப் பார்ப்பதும் அங்கேதான்.

பணம். 2022இல் சென்னை வார்டுக்குச் செலவு வரம்பு 90,000 ரூபாய், டெபாசிட் 4,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால் டெபாசிட் திரும்ப வரும். அடுத்த தேர்தலுக்கு இவை மாறலாம், அறிவிப்பில் பாருங்கள். உங்கள் ஒரு லட்சத்தை முதல் நாளே ஃபிளெக்ஸிலும் மைக் செட்டிலும் கரைத்துவிடாதீர்கள். கடைசி நாளுக்கு எடுத்து வைக்க வேண்டியது பூத் ஏஜென்ட்டுகளுக்கு. வார்டில் சுமார் 30 வாக்குச்சாவடி வரும். மாற்று ஆளோடு சேர்த்து 60 பேர் காலை முதல் மாலை வரை உட்கார வேண்டும். டீ, டிபன், சாப்பாடு என்று ஆளுக்கு 250 ரூபாய் வைத்தாலே 15,000. காசைவிட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பாதி பூத்தில் ஆள் இல்லாமல் விட்ட சுயேச்சைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்குள் யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கு ஏஜென்ட்டிடம் இருந்தால்தான் வராதவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். 43 சதவீத ஊரில் சுயேச்சையின் ஜெயமும் தோல்வியும் அந்த மதியத்தில்தான்.

சொந்த அச்சகத்தில் அடிக்கிற நோட்டீஸுக்கும் சந்தை விலையில் பில் போட்டுச் செலவுக் கணக்கில் காட்டுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். உங்களுக்கு இது புதிதல்ல.

ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள். உங்களால் முடியாது, கூடாது. ‘அவங்ககிட்ட வாங்கிக்குங்க, எனக்குப் போடுங்க’ என்று சாமர்த்தியமாகப் பேசவும் வேண்டாம். 2017இல் கோவாவில் அப்படிப் பேசியதற்கு அரவிந்த் கேஜ்ரிவாலை இந்தியத் தேர்தல் ஆணையம் கண்டித்தது. காசு வாங்கியவர்கள் எல்லாரும் கொடுத்தவருக்கே போடுவதில்லை என்பது கட்சிக்காரர்களுக்கே தெரிந்த வயிற்றெரிச்சல்.

வீட்டு வாசலில் உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி வேறு: ‘ஜெயிச்சா எந்தக் கட்சியில சேருவீங்க?’ மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். ஜெயித்த கையோடு ஆளும் கட்சியில் சேர்ந்த சுயேச்சை கவுன்சிலர்கள் உண்டு. மேயரைத் தேர்ந்தெடுப்பதும் கவுன்சிலர்கள் என்பதால் உங்கள் ஓர் ஓட்டுக்கும் அன்று விலை பேசுவார்கள். சேரவே மாட்டேன் என்றால் எழுத்தில் கொடுங்கள். மனதில் ஒரு மூலையில் ஆசை இருந்தால் இப்போதே அந்தக் கட்சியில் சீட் கேளுங்கள், அதில் தப்பில்லை. தனி ஆளாக மாமன்றத்தில் இருந்தால் பேசக் கிடைப்பது சில நிமிடம். ஆனால் வார்டு மேம்பாட்டு நிதி உங்களுக்கும் உண்டு, மண்டலக் குழுவில் இடம் உண்டு, உதவிப் பொறியாளர் உங்கள் போனை எடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். தோற்றவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தாக்கல் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரும். நடுவில் உங்கள் வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தால் மனுப் போட முடியாது.