ஒலி கேள்வி-பதில்: சப்வூஃபர் ஆம்ப் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

கேள்வி: ஹோம் தியேட்டருக்காக 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை நானே பெட்டி செய்து பொருத்தியிருக்கிறேன். இரட்டை வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம். ஏபி வகை இரண்டு சேனல் ஆம்ப் ஒன்றை பிரிட்ஜ் மோடில் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் முறை) போட்டு ஓட்டுகிறேன், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பாட்டுக் கேட்டால் பிரச்சினை இல்லை. சண்டைக் காட்சி அதிகமுள்ள படம் போட்டால் 40 நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் தானாக ஓடத் தொடங்குகிறது. ஃபேன் வைத்துப் பார்த்தேன், இப்போது ஒரு மணி நேரம் தாங்குகிறது, அவ்வளவுதான். இத்தனைக்கும் ஒலியைப் பாதிக்கு மேல் வைப்பதே இல்லை. ஆம்ப் பழுதா? வேறு வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது என்றால் உங்கள் ஆம்பின் வெப்பப் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. அது ஒவ்வொரு முறையும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதற்கு இவ்வளவு பாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஃபேன் வைத்ததில் தப்பில்லை, ஆனால் காரணம் தெரியாமல் வைத்த ஃபேன் ஒரு விதத்தில் கெடுதல்தான். 40 நிமிடத்தில் தெரிந்துகொண்டிருந்த கோளாறு இப்போது ஒரு மணி நேரம் கழித்துத் தெரிகிறது, அதுவரை டிரான்சிஸ்டர்கள் அதே வேதனையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது, என் கணிப்பில் விடை அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு காயில்களையும் எப்படி இணைத்திருக்கிறீர்கள்? பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்த்து இரண்டு வயராக ஆம்புக்குக் கொண்டுவந்திருந்தால் அது பேரலல், இரண்டு 4 ஓம் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும். ஓம் குறையக் குறைய ஆம்ப் கூடுதல் கரண்ட் தர வேண்டும், சூடும் ஏறும். அதோடு நின்றால் பரவாயில்லை. பிரிட்ஜ் மோடில் இரண்டு சேனல்களும் ஸ்பீக்கரை இரண்டு பக்கத்திலிருந்து எதிரெதிராகத் தள்ளுவதால், ஒவ்வொரு சேனலும் பார்ப்பது அந்த ஓமில் பாதிதான். அதாவது 1 ஓம். வீட்டு ஆம்ப்கள் பெரும்பாலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உங்கள் ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள், பிரிட்ஜ் முனைகளுக்குப் பக்கத்தில் குறைந்தபட்சம் 8 ஓம் என்றோ, கொஞ்சம் பெரிய ஆம்ப் என்றால் 4 ஓம் என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்து சின்னதாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை, படித்திருந்தால் பாதி ஆம்ப்கள் பழுதுபார்க்கவே வந்திருக்காது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

இதை ஊகத்தில் விட வேண்டாம், மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப் பக்கத்தில் கழற்றிவிட்டு, அந்த வயர் முனைகளில் ஓம் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறதோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு குறைந்த ஓமில் அந்தச் சின்ன எண்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். மீட்டர் காட்டுவது டிசி தடை மட்டுமே, அது பெட்டியில் எழுதிய ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓம் காயில் 3.2 அல்லது அதைச் சுற்றிக் காட்டும். ஆகவே உங்களுக்கு 1.6 பக்கத்தில் வந்தால் பேரலல், 6.5 பக்கத்தில் வந்தால் சீரியஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. ஸ்பீக்கர் ஆறிய பிறகு அளக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும், படம் ஓடி முடிந்த கையோடு அளந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

பேரலல்தான் என்று தெரிந்தால் சீரியஸாக மாற்றுங்கள். ஆம்பின் பிளஸ் முதல் காயிலின் பிளஸ்ஸுக்கு, முதல் காயிலின் மைனஸ் இரண்டாவதின் பிளஸ்ஸுக்கு, இரண்டாவதின் மைனஸ் ஆம்புக்கு. மொத்தம் 8 ஓம், சேனலுக்கு 4. இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும்: பிரிட்ஜை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்டீரியோ மோடில் போட்டு, சேனலுக்கு ஒரு காயில் என்று கொடுத்துவிடலாம். அப்போதும் சேனலுக்கு 4 ஓம்தான், சக்தியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டை ஒரு ஒய் கேபிளால் பிரித்து இரண்டு சேனலுக்கும் ஒரே சிக்னலைத் தர வேண்டும், கெயின் குமிழ்கள் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இரண்டு காயில்களின் பிளஸ் மைனஸும் சரியாக இருக்க வேண்டும். ஒன்றைத் தலைகீழாக மாட்டினால் இரண்டு காயிலும் ஒரே கூம்பை எதிர்த்திசையில் இழுத்து, சத்தம் வராமல் சூடு மட்டும் வரும்.

சீரியஸாக மாற்றியதும் பேஸ் குறைந்துவிட்டதே என்று தோன்றும். தோன்றுவது சரிதான், அதே குமிழ் நிலையில் நான்கில் ஒரு பங்கு சக்திதான் போகும், 6 டெசிபெல் குறைவு. உடனே ஈக்வலைசரில் ஏற்றாதீர்கள். சப்வூஃபரை அறையின் மூலைக்கு நகர்த்திப் பாருங்கள், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலிக்கு வலு கொடுக்கும், அதற்கு ஆம்ப் ஒரு வாட்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். சில அறைகளில் மூலையில் வைத்தால் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் குடத்துக்குள் ஒலிப்பதுபோல் கும்மென்று எழும், அப்போது ஓர் அடி இரண்டு அடி தள்ளி வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒலியைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை என்கிறீர்கள். இது நிறையப் பேர் சொல்வது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஏபி வகை ஆம்ப் முழுச் சக்தியில் ஓடும்போதுதான் அதிகம் சூடாகும் என்று நினைப்போம், அப்படி இல்லை. டிரான்சிஸ்டரில் சூடாகப் போவது, சப்ளை வோல்டேஜில் ஸ்பீக்கருக்குப் போகாமல் டிரான்சிஸ்டர்மேலேயே மிஞ்சி நிற்கிறதே அந்த வோல்டேஜும், அதன் வழியே ஓடும் கரண்டும் பெருக்கி வருவது. சின்ன ஒலியில் கரண்ட் குறைவு. முழு ஒலியில் மிஞ்சும் வோல்டேஜ் குறைவு. நடுவில் இரண்டுமே கணிசமாக இருக்கும். சைன் அலை கொடுத்துக் கணக்குப் போட்டால் முழுச் சக்தியின் 40 சதவீதம் அளவில்தான் சூடு உச்சத்துக்குப் போகிறது. நீங்கள் வைக்கும் பாதி ஒலி அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். படத்தில் வெடிச்சத்தம், இயந்திர உறுமல் என்று பேஸ் விடாமல் நீள்கிறது, பாட்டில் தாளத்துக்கு ஒரு அடி விழுந்து ஓய்கிறது, நடுவில் ஆம்ப் மூச்சு விட்டுக்கொள்கிறது. பாட்டுக்குத் தாங்குவது படத்துக்குத் தாங்காமல் போவது இதனால்தான்.

ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி வேண்டும், 10 ஏற்றினால் பத்து மடங்கு. ரிசீவரில் சப்வூஃபர் லெவலை ஏற்றி, ஆம்பில் கெயினை ஏற்றி, மேலே பேஸ் பூஸ்ட் பொத்தானையும் அழுத்தி வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். பெட்டியில் போர்ட் துளை இருந்தால் சப்சானிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) கட்டாயம் போடுங்கள். போர்ட் டியூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றின் எதிர்ப்பு இருக்காது, காதில் எதுவும் விழாத ஓர் ஒலிக்காக ஆம்பும் காயிலும் சேர்ந்து சக்தியை வீணடிக்கும்.

ஓம் சரியாகவே இருந்து, அப்படியும் சூடானால்? அப்போது ஒரே கேள்விதான்: சும்மா இருக்கும்போதும் சூடாகிறதா, ஓடும்போது மட்டுமா? ஸ்பீக்கர் வயர், சிக்னல் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். இளஞ்சூடு இயல்பு. மூடியில் மூன்று நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் கோளாறு உள்ளேதான் இருக்கிறது. பயஸ் கரண்ட் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) ஏறிப்போயிருக்கலாம், முன்பு யாராவது அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டுப் பயஸை மறுபடி சரிசெய்யாமல் விட்டிருந்தால் இப்படி நடக்கலாம். அல்லது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே ஆஸிலேட் ஆகிக்கொண்டிருக்கலாம் (சிக்னல் இல்லாமலே அலை எழுப்பிக்கொண்டிருக்கலாம்), ஆஸிலோஸ்கோப் இல்லாமல் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டுமே மெக்கானிக்கிடம் போக வேண்டிய விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும், பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

தனியாக விட்டபோது குளிர்ச்சியாக இருந்தது என்றால் சிக்னல் கேபிளையும் ஸ்பீக்கரையும் மாட்டி, எதுவும் ஓட்டாமல் இன்னொரு அரை மணி. இப்போது சூடானால் கேபிள் வழியாக ஹம் ஏதாவது உள்ளே வருகிறதா என்று கூம்பின்மேல் லேசாக விரலை வைத்துப் பாருங்கள், ரொம்பத் தாழ்ந்த ஹம் காதைவிட விரலுக்கு முதலில் தெரியும். கூடவே டிசி ஆஃப்செட்டும் (எதுவும் ஓடாதபோது வெளியீட்டில் மிஞ்சி நிற்கும் டிசி வோல்டேஜ்): ஸ்பீக்கரைக் கழற்றி, ஒவ்வொரு சேனலின் பிளஸ் மைனஸ் முனைகளுக்கு நடுவே டிசி மில்லிவோல்ட் அளந்தால் 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் அந்த ஆம்பில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு முறை என் ஆம்ப் இப்படித்தான் நின்று நின்று ஓடியது. ஹீட் சிங்க்கைத் துடைத்தேன், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன், ஃபேன் மாற்றினேன், இரண்டு வாரம் போனது. கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கர் வயரின் ஒற்றைச் செப்பு இழை, பக்கத்து முனையை அவ்வப்போது தொட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் டார்ச் அடித்து வயர் முனையைப் பார்க்கச் சொல்கிறேன். நீங்களும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃபேனுக்கு வரலாம். ஸ்டாண்டின் கீழ்த்தட்டு மூன்று பக்கமும் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் அதே சூடான காற்றைத்தான் ஃபேன் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். பின்பலகையின் மேற்பகுதியில் துளை போட்டு ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்படி வையுங்கள், முன்பக்கம் கீழே காற்று நுழைய அதே அளவு வழி விடுங்கள். ஆம்புக்கு மேலே பத்து சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும், ரிசீவரை அதன் தலையில் ஏற்றி வைக்காதீர்கள். 120 மில்லிமீட்டர் ஃபேனை 12 வோல்ட்டுக்குப் பதில் 7 வோல்ட்டில் ஓட்டினால் படம் பார்க்கும்போது அதன் சத்தம் காதில் விழாது.

கேள்வி: டி வகை ஆம்புக்கு மாறினால் சூடு பிரச்சினையே இருக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பகுதி உண்மை. எடுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு, ஏபி வகையில் நடைமுறையில் 50, 60 சதவீதத்தைத் தாண்டினால் பெரிது, கொள்கையளவிலேயே அதன் நெருங்கிய உறவான பி வகைக்கு 78.5 சதவீதம்தான் எல்லை. டி வகை நல்ல சக்தியில் ஓடும்போது 90-ஐத் தொடும், சப்வூஃபருக்கு அது பொருத்தமான தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாங்காத ஓமைக் கொடுத்தால் டி வகையும் அணைந்துதான் போகும், சிலவற்றில் அணையாமல் எரிந்தே போகும். லோடைச் சரிசெய்துவிட்டு மாறுங்கள். மாறினாலும் காற்று போக வழி வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஆம்ப் உள்ளேயே இருக்கும் ரெடிமேட் சப்வூஃபர். எதுவும் ஓடாதபோதும் பின்பக்கத் தகடு இளஞ்சூடாக இருக்கிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. சிக்னல் வந்தால் விழித்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன சப்ளை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் சூடு அது. வெயிலில் வைத்த தட்டு மாதிரி சுட்டால்தான் யோசிக்க வேண்டும். தகட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், திரைச்சீலை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும், ஆகவே வாரக்கணக்கில் வெளியூர் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டே போங்கள்.