தோடியும் கீபோர்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பல வருடங்களாக இங்கே பாட்டு கற்றுக்கொள்கிறாள். இப்போது எந்நேரமும் பாடகர் சித் ஸ்ரீராமின் பாட்டுதான். ராகத்தை இழுத்துப் பாடும்போது அடியில் டிரம்ஸும் கிதாரும் ஓடுவது எனக்கு ஒட்டவில்லை. தானும் அப்படிப் பாட வேண்டும், கீபோர்டு வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். இந்தக் கலப்படமெல்லாம் அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்குச் சரி; வடசென்னைக்காரர்களுக்கு எதற்கு?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்காவை விடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் மணலி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் அதே மணலிதான். கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பத்தை ஆதரித்தவர்கள் அவ்வூர் முதலியார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் கேட்ட தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் (பாடல் வரிகள்) எழுதினார். ஏறத்தாழ 40 உருப்படிகள், நோட்டுஸ்வரம் என்கிறோம். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. உங்கள் மகளே சிறுவயதில் நோட்டுஸ்வரம் பாடியிருப்பாள். தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமியோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார்.

அண்ணனும் தம்பியும் செய்தது ஒன்றல்ல. அண்ணன் வெளி மெட்டை அதன் போக்கிலேயே விட்டார்: கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கிடையாது, சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் நேராக நிற்கும். தம்பி எடுத்துக்கொண்டது கருவியை மட்டும். அதை நம் கமகத்துக்குப் பழக்கினார். இன்று கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அந்த வயலின்தான்.

சித் ஸ்ரீராம் போவது மூன்றாவது வழி. சென்னையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். தாயிடம் கர்நாடக சங்கீதமும் பெர்க்லி இசைக் கல்லூரியில் இசைத் தயாரிப்பும் ஒலிப்பொறியியலும் படித்தவர். குரலில் கமகம், அடியில் கார்டு. சிக்கலும் இங்கேதான். கார்டு என்றால் சில ஸ்வரங்கள் அசையாமல் சேர்ந்து ஒலிப்பது. தோடி ராகத்தின் காந்தாரமோ (‘க’ ஸ்வரம்) ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று உரசும், அல்லது பாடுகிறவர் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வார். பெரும்பாலோர் குறைத்துக்கொள்கிறார்கள், ராகத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. (அதற்கு ஃப்யூஷன் என்று போஸ்டர் அடித்து டிக்கெட் விற்பது தனிக்கதை.) சித்திடம் எனக்குப் பிடித்தது, வாத்தியங்கள் ஒதுங்கிக்கொண்டு, ஒரே ஆதார ஸ்வரத்தின் மேல் குரல் தனியாக உலவும் இடங்கள். குரலையே மின்னணுவில் குழைக்கும்போது எது கமகம், எது கருவியின் வேலை என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அங்கே என் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். பழையதே போதும். பாட்டு வகுப்பை மட்டும் நிறுத்த விடாதீர்கள். மோகன ராகத்தில் தொடங்கட்டும்; அங்கே கார்டு அதிகம் முரண்டு பிடிக்காது. பிறகு தோடிக்கு வரட்டும். எந்த இடத்தில் அவளாகவே கீபோர்டிலிருந்து கையை எடுக்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.