கொமோடோ படகில் சார்ஜ் போட ஒரு அடாப்டர் போதுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடுத்த மாதம் இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோவிலிருந்து கொமோடோ பக்கம் படகில் நான்கு இரவு தங்கிக் கடலுக்கடியில் டைவிங். அப்படியே பிலிப்பைன்ஸில் அனிலாவோ என்ற ஊரிலும். இரண்டு டார்ச், ஒரு கேமரா, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், கைப்பேசி இருக்கின்றன. ஒரு அடாப்டர் போதுமா? வீட்டு எக்ஸ்டென்ஷனையும் எடுத்துப் போ என்கிறார் கணவர்."

அடாப்டர் போதும். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், சகோதரி.

முதலில் வோல்ட். மலேசியாவில் நமக்கு 230 வோல்ட். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஏறக்குறைய அதேதான். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் '100-240V, 50/60Hz' என்று இருந்தால் கவலையே இல்லை. பிலிப்பைன்ஸ் சாக்கெட்டில் அமெரிக்கா போலத் தட்டையான இரண்டு துளை இருக்கும். அதைப் பார்த்து 110 வோல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அமெரிக்கச் சார்ஜரை யாராவது இரவல் தந்தால் வாங்காதீர்கள், அங்கே செருகினால் எரிந்துபோகும்.

இந்தோனேசியாவில் குழிவான வட்டச் சாக்கெட், உருண்டை பின். மலிவான அடாப்டர்களில் பின் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், அந்தக் குழியில் ஆடும். 4.8 மில்லிமீட்டர் பின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆடுகிற இடத்தில்தான் சூடு பிறக்கும். எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்றதும் இதனால்தான். நம் மூன்று பின் பிளக் கனமானது. அதை அடாப்டரில் மாட்டி, ஆடுகிற படகின் சுவரில் தொங்கவிட்டால் மெல்ல மெல்ல நழுவும். அதற்குப் பதில் நான்கு யூ.எஸ்.பி. வாய் உள்ள ஒரே சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாக்கெட்டில் உங்கள் வேலை முடிந்துவிடும்.

இங்கே நம் வீடுகளில் இரண்டு பின் பிளக்கைச் செருக, மேல் துளையைப் பேனாவால் அழுத்தித் திறக்கிறோமே, அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். அப்படிச் செருகிக் கருகிய சாக்கெட்டுகளை நிறையவே கழற்றியிருக்கிறேன்.

சாக்கெட்டை விட எனக்குப் பெரிய கவலை பேட்டரி. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியா கடலில் கான்செப்ஷன் என்ற டைவிங் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேரும் இறந்தார்கள். தீ எதனால் மூண்டது என்று விசாரணையில் உறுதியாகத் தெரியவில்லை. ஆளில்லாமல் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த பேட்டரிகளும் சாத்தியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இரவில் சுற்றிவந்து பார்க்கக் காவலுக்கு ஆள் இல்லாதது பெரிய குறையாகப் பதிவானது. அதனால் தூங்கும்போது சார்ஜ் வேண்டாம், கட்டில் மேல் வேண்டவே வேண்டாம். இரண்டு டைவுக்கு நடுவில், சாப்பிடும் நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் மேசையில் போடுங்கள். படகில் ஏறியதும் இரவுக் காவல் யார் என்று கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உயிர்.

அப்புறம் உப்புத் தண்ணீர். ஒருமுறை தலையைத் துவட்டாமல் டார்ச்சைத் திறந்தேன். முடியிலிருந்து ஒரே ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் பித்தளைத் தொடுமுனையில் பச்சை பூத்திருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, துவட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அப்புறம் திறங்கள். டார்ச் மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருந்தாலும் அடுத்த டைவில் தண்ணீர் புகும். டைவ் கம்ப்யூட்டரின் சார்ஜ் முனைகளையும் இப்படியே கழுவி உலர்த்துங்கள்.

விமானத்தில் பவர் பேங்க்கும் உதிரி பேட்டரிகளும் கைப்பையில்தான். 20,000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்ப்-அவர் × 3.7 வோல்ட் = 74 வாட்-அவர்; 100 வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி, முனையில் டேப் ஒட்டிவிடுங்கள். டைவ் டார்ச் தண்ணீரில் குளிர்வதற்கென்று செய்தது. பைக்குள் அதன் விளக்கு தவறுதலாக எரிந்தால் துணியே கருகும்.

அனிலாவோ அறையில் சாவி அட்டையை உருவினால் கரண்ட் நிற்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். நிற்கும் என்றால் நீங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் அறையில் எதுவும் சார்ஜ் ஆகாது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சாக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.