முன்பல் ஒன்று போய்விட்டது. பிரிட்ஜ் கட்டலாமா, இம்பிளான்ட் வைக்கலாமா?

மேல்வரிசை முன்பல் விழுந்துவிட்டது, அடுத்த மாதம் தங்கைக்குத் திருமணம், ஒரே வாரத்தில் பிரிட்ஜ் கட்டிவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தையில்லாமல் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.

நான் பல் மருத்துவர் அல்ல, தமிழாசிரியை. மருத்துவம் படிக்காதவளுக்கு இதில் என்ன பேச்சு என்று யாரேனும் கேட்கலாம். என் வாயில் நடந்ததைத்தான் சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

2016இல் பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். முதல் நாள் இரவில் போட்ட வேகத்தடை. வெள்ளைக் கோடும் இல்லை, முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இல்லை. 

வலது நடுப்பல் வேரோடு முறிந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. வகாரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். வகுப்பில் நுழைந்து ‘வணக்கம்’ சொன்னால் வெறும் காற்றுத்தான் வந்தது. தற்காலிகமாகக் கழற்றி மாட்டும் பல்செட் கொடுத்தார்கள். அதன் தகடு அண்ணத்தை மூடியதால் நாக்கு மேலே தொட்டுச் சொல்லும் எழுத்தெல்லாம் குழறியது. சில வாரம் பொறுத்திருந்தால் நாக்கு பழகியிருக்கும். நான் பத்தே நாளில் கழற்றி வைத்துவிட்டுப் பிரிட்ஜுக்குத் தலையாட்டினேன்.

பிரிட்ஜ் என்றால் இல்லாத பல்லை இருபக்கப் பற்களின் மேல் தாங்க வைப்பது. அதற்காக ஒரு குறையும் இல்லாத என் இரண்டு பற்களைச் சுற்றிலும் ராவித் தொப்பி மாட்டினார்கள். ராவிய எனாமல் மறுபடி வளராது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆறாவது ஆண்டில் வலது பக்கப்பல்லின் தொப்பிக்குள் சொத்தை ஓடி, பல் ஈறோடு ஒடிந்தது. ஒன்று போன இடத்தில் இரண்டு போயின.

பிறகுதான் இம்பிளான்ட். டைட்டானியம் திருகைத் தாடை எலும்பில் பதித்து, எலும்பு அதோடு ஒட்டிக்கொண்ட பின் பல் வைப்பார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை எடுத்தார்கள். 8.6 வந்தது. குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையும், பிரிட்ஜ் அதைத் தடுக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எலும்புத் தூள் வைத்து, திருகு பதித்து, காத்திருந்து, எல்லாம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்ஜுக்குக் கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு செலவு.

பிரிட்ஜே தவறு என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து தொப்பி போட்டவை என்றால் அதுதான் புத்திசாலித்தனம். என் அக்காவின் பிரிட்ஜ் பதினான்கு ஆண்டுகளாக அசையவில்லை. இம்பிளான்டும் எல்லோருக்கும் ஒத்துவராது. புகைப்பிடிப்பவர்களுக்குத் தோல்வி வாய்ப்பு அதிகம்.

உங்கள் மருத்துவரிடம் மேரிலாண்ட் பிரிட்ஜ் பொருந்துமா என்று கேளுங்கள். பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரு சிறு இறக்கையை ஒட்டி முன்பல்லைத் தாங்க வைப்பது அது. ராவுவது மிகக் குறைவு, சில சமயம் இல்லவே இல்லை. பிரிந்து வந்தாலும் பெரும்பாலும் திரும்ப ஒட்டலாம். 2016இல் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை.

திருமணத்துக்குக் கழற்றி மாட்டும் பல்லே போதும், புகைப்படத்தில் தெரியாது. இன்றிலிருந்தே மாட்டிக்கொண்டு, தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். கல்யாண நாளுக்குள் நாக்கு பழகிவிடும்.