மடியில் கிடத்தும் கிட்டார்: கேள்வியும் பதிலும்

இப்போது லேப் ஸ்டீல் என்கிறார்கள். எங்கள் காலத்தில் ஹவாயன் கிட்டார். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஒரு இரும்பை வைத்துக்கொண்டு கம்பிமேல் வழுக்கியே வாசிப்பது. விரலால் கம்பியை அழுத்துகிற வேலையே கிடையாது. சர்ச்சில் ஆரம்பித்து, மெல்லிசைக் குழுக்களில் ஓடி, நாற்பது வருஷமாகச் சேலத்தில் இதை வாசிக்கிறேன். குறைந்த செலவில் ஆரம்பிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு, கேள்வி வந்த வரிசையிலேயே பதில்.

ஹஸ்தம்பட்டி: சார், 8,000 ரூபாய்க்குள் நல்ல லேப் ஸ்டீல் எது? வீட்டில் அண்ணனின் பழைய கிட்டார் சும்மா கிடக்கிறது.

தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சும்மா கிடக்கிற அந்தக் கிட்டாரை எடுங்கள்.

நட் ரெய்சர் என்று ஓர் உலோகப் பட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழுத்தின் முனையில் கம்பிகள் படிந்திருக்கும் நட்டின் மேல் அதைத் தொப்பி மாதிரி கவிழ்த்தால் போதும், கம்பிகள் உயரும். பசையும் வேண்டாம், திருகும் வேண்டாம், கம்பியின் இழுவையே பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் போனால் கழற்றிவிட்டு அண்ணனிடமே கிட்டாரைக் கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமத்தை யாரும் சொல்வதில்லை. சாதாரணக் கிட்டாரில், கம்பிகளின் மறு முனையைப் பிடித்திருக்கும் பாலத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பட்டை, அதாவது சாடில், லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும். நம் இரும்போ நேர்கோடு. நடுக் கம்பிகளில் நன்றாகப் படியும், ஓரக் கம்பிகளில் கரகரவென்று இரையும். ஒரு புது சாடில் வாங்கி, மேல் விளிம்பை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து மாட்டுங்கள். பழையதைப் பத்திரமாக வையுங்கள், அண்ணன் கேட்பார்.

மாட்டுவதற்கு முன் பாலத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் பாலம் பெயர ஆரம்பித்துவிட்டது, முதலில் அதை ஒட்டக் கொடுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கோடுகள் தேய்ந்திருப்பது, கம்பி எழும்பியிருப்பது, விரல் வலிப்பது எல்லாம் நமக்குக் குறையே இல்லை. விரலால் வாசிக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கிய கிட்டார் மடியில் அருமையாகப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சுருதிக்கு ஓப்பன் ஜி வையுங்கள், அதாவது இரும்பை வைக்காமல் ஆறு கம்பியையும் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு ஒலிக்கும். ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு, ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு, முதல் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கவேண்டும். மற்ற மூன்றையும் தொடவேண்டாம். எல்லாமே இறக்கம்தான் என்பதைக் கவனியுங்கள். காணொளியில் யாரோ ஓப்பன் ஏ, ஓப்பன் இ என்கிறார் என்று கம்பிகளை ஏற்றாதீர்கள். பழைய கிட்டாரில் பாலம் பிய்த்துக்கொண்டு வரும். இறக்கலாம், ஏற்றக்கூடாது. இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

இரும்பு ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்கவேண்டும். விரலால் வாசிக்கும்போது கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோமே, அந்தப் பழக்கம் இங்கே அபஸ்வரம். மூன்று மாதம் இதை மட்டும் பழகுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அந்த 8,000-ஐப் பற்றிப் பேசலாம்.

ஆத்தூர்: என்னிடம் நைலான் கம்பி கிட்டார் இருக்கிறது. அதில் இரும்புக் கம்பி மாட்டலாமா?

கூடாதும்மா. அந்தப் பாலமும் பலகையும் அவ்வளவு இழுவைக்குச் செய்தவை அல்ல. நைலானிலேயே வாசிக்கலாமா என்றால், இரும்பு வைத்தால் சத்தம் செத்துப்போகும். வேறு கிட்டார் பாருங்கள்.

சூரமங்கலம்: அண்ணே, நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த இரும்பை நானே கடையலாமா? என்ன அளவு?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எவர்சில்வர் உருக்குகிற ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து இரும்புத் துண்டு வரவழைப்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கும்.

உருளை வடிவம். குறுக்களவு 19 மில்லிமீட்டர், நீளம் 75 மில்லிமீட்டர், 304 எவர்சில்வர், முழுத் தண்டு. எடை ஏறக்குறைய 170 கிராம் வரும். ஆறு கம்பிக்கு அது போதும். ஒரு முனையை அரை உருண்டையாக, துப்பாக்கிக் குண்டு மாதிரி கடையுங்கள். மறு முனை தட்டையாக இருக்கலாம், நடுவில் சிறு குழி விட்டால் கட்டைவிரல் பதிய வசதி. பைப் வேண்டாம், உள்ளே வெற்றிடம் இருந்தால் எடை போதாமல் கம்பி இரையும். பித்தளை இன்னும் கனம்தான், ஆனால் சுருள் சுற்றிய கம்பிகள் அதில் சீக்கிரம் கீறல் போட்டுவிடும்.

உயிர் இருப்பது மெருகில். லேத்தில் கடைந்த கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கம்பிக்குத் தெரியும். நகர்த்தும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் கூடவே வரும். 400 உப்புத்தாளில் ஆரம்பித்து 800, 1500, 2000 வரை போய், கடைசியில் பஃப்பிங். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பளபளப்பு வேண்டும். முகம் தெரியவேண்டும். இரண்டாகச் செய்யுங்கள், ஒன்றை எனக்கு வையுங்கள். காசு கொடுக்கிறேன்.

ஓமலூர்: 10,000-க்குள் எந்த லேப் ஸ்டீல் வாங்கலாம்?

முதல் பதில்.

ஏற்காடு: எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரம் நிறைய இருக்கிறது. பலகை அறுத்து நாமே ஒன்று செய்ய முடியுமா? இன்னொன்று, இங்கே கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

செய்யலாம். மின்சார லேப் ஸ்டீல் என்பது அடிப்படையில் கம்பி கட்டிய பலகைதான். 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கிட்டாரில் மரமே கிடையாது, அலுமினிய வார்ப்பு. உருவத்தைப் பார்த்து வறுவல் சட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விற்பனைக்கு வந்த முதல் மின்சார கிட்டார்களில் அதுவும் ஒன்று, அதுவே மடியில் வைத்து வாசிக்கிற வகை. சூடு பட்டால் அலுமினியம் விரிந்து சுருதி விலகும் என்பது அதன் தொல்லை. சித்திரை மாதச் சேலத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சில்வர் ஓக் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பச்சைப் பலகை வேண்டாம். மிளகுக்கொடி ஏறிய மரத்தைப் போன வாரம் வெட்டி இந்த வாரம் கம்பி கட்டினால் மழைக்கு முறுக்கிக்கொள்ளும். பழைய கதவு நிலையிலிருந்து தேக்குத் துண்டு கிடைத்தால் அதுவே மேல். பலா கிடைத்தால் இன்னும் நல்லது, வீணைக்கே அதுதானே.

நட்டிலிருந்து பாலம் வரை 22.5 அங்குலம் வையுங்கள். கோடு போடக் கணக்கு எளிது: நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கோடு, 1.263 அங்குலம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது கோடு சரியாகப் பாதியில், 11.25-இல் விழவேண்டும். விழாவிட்டால் எங்கோ கணக்குத் தவறிவிட்டது. நட்டுக்கும் பாலத்துக்கும் ஆங்கிள் இரும்புத் துண்டுகளே போதும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப் போடுவதென்றால் மின்சார கிட்டார் கம்பிதான். வெண்கலம் சுற்றிய கம்பியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. சாதாரணக் கிட்டாரின் 25.5 அங்குலத்தோடு பார்த்தால், அதே கம்பியில் அதே சுரம் வைக்கும்போது இழுவை 22 விழுக்காடு குறைகிறது. ஆகவே ஒரு படி தடித்த கம்பி போடுங்கள், இல்லாவிட்டால் தொளதொளவென்று இருக்கும்.

துருவுக்கு: வாசித்து முடித்ததும் கம்பியின் அடியிலும் மேலிலும் காய்ந்த துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. மூடுபனி நேரத்தில் சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கும்போது காருக்குள் விட்டுவிட்டு அடிவாரத்தில் சாப்பிடப் போகாதீர்கள், வெயிலில் பசை இளகும். என் முதல் கிட்டார் அப்படித்தான் போனது.

அம்மாபேட்டை: பிக்கப் வைத்த கிட்டாரில் ஒரே 'ம்ம்ம்' சத்தம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது.

தறி மோட்டாரும் காரணமாக இருக்கலாம். ஒற்றைச் சுருள் பிக்கப் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பாதிக்கு மேல் அடக்கும். ஆனால் முதலில் பாருங்கள்: ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை யாராவது வெட்டியிருக்கிறார்களா? சுவர்ப் புள்ளியில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? கிட்டார் கம்பிகள் பாலம் வழியாக எர்த்தோடு இணைந்தவை. உங்கள் கையில் இருப்பதோ இரும்பு. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் மைக் ஒன்றை உதடு தொட்டால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்திருக்கிறேன். சத்தத்தைப் பிறகு பார்க்கலாம், இன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சீலநாயக்கன்பட்டி: ஹவாய், ஹவாய் என்கிறீர்கள். கட்டையை வழுக்கி வாசிக்கும் நம் கோட்டு வாத்தியத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். சொல்ல என்ன தயக்கம் ஐயா?

ஆதாரம் இருந்தால் தயங்கமாட்டேன் ஐயா. ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிப் பையன், 1889 வாக்கில், கிட்டார் கம்பிமேல் இரும்பை வழுக்கிப் பார்த்தான் என்பது வழக்கமாகச் சொல்லும் வரலாறு. தண்டவாளத்தில் கிடந்த போல்ட் என்பார்கள், சீப்பு என்பார்கள். 1904-இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய்ப் பைத்தியம் பிடித்தது. உங்கள் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு: இந்தியாவில் பிறந்து கப்பலில் கொண்டுபோகப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவர் கெகுகுவுக்கு முன்பே ஹொனலூலுவில் அப்படி வாசித்தார் என்று ஒரு பேச்சு. ஆனால் அவர் கோட்டு வாத்தியம் பார்த்தவர் என்று எங்கே இருக்கிறது?

மறுபடி சீலநாயக்கன்பட்டி: 13-ஆம் நூற்றாண்டு சங்கீத ரத்னாகரத்திலேயே ஏகதந்திரி வீணையை மூங்கில் துண்டால் வழுக்கி வாசித்தது இருக்கிறதே!

இருக்கிறது. யார் மறுத்தார்? பழமை நம்முடையது, சந்தேகமே இல்லை. முன்னால் பிறந்தவர் என்பதாலேயே பின்னால் பிறந்தவனுக்கு அப்பா ஆகிவிட முடியாது. கம்பி இருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் எதையாவது வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

தாதகாப்பட்டி: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார். கோட்டு வாத்தியத்தை நீங்கள் மட்டம் தட்டக்கூடாது.

மட்டமா? 21 கம்பி. கருங்காலிக் கட்டையை வைத்துக்கொண்டு தோடியில் அந்தக் காந்தாரத்தை அசைப்பார்களே, அதற்கு முன்னால் என் ஆறு கம்பிப் பலகை எம்மாத்திரம்! பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம். ஹவாயன் கிட்டார் இங்கே வந்த பாதைதான் எனக்குச் சுவாரஸ்யம். ஹவாயில் வளர்ந்த டவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ஹவாயன் கிட்டார் வீட்டு வாத்தியம் மாதிரி ஆயிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி வாசித்தார். விஸ்வ மோகன் பட் கிட்டாரையே மாற்றி மோகன வீணை ஆக்கி 1994-இல் கிராமி வாங்கினார். இங்கிருந்து போனதா என்பதைவிட, வந்ததை நாம் என்ன செய்தோம் என்று கேளுங்கள். சரி, இத்தோடு போதும்.

மேட்டூர்: பழைய கிட்டாரும் இல்லை. புதிதாகத்தான் வாங்கவேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்கக் காணொளிகளில் ரோக், கிரெட்ச் என்று மலிவு மாடல்கள் சொல்வார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் இங்கே மலிவு இல்லை. கல்கத்தாவில் செய்கிற ஹவாயன் கிட்டார்களில் நல்லதும் உண்டு, அடுப்புக்குப் போகவேண்டியதும் உண்டு. அளவுகோலோடு போங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது கோடும், அங்கிருந்து பாலமும் ஒரே நீளமா? ஒரு நேரான சட்டத்தைக் கம்பிகளின் மேல் வைத்தால் ஆறும் தொடுகின்றனவா? முறுக்காணி திருப்பினால் உடனே கேட்கிறதா, அரைச் சுற்று சும்மா சுழல்கிறதா? இந்த மூன்றையும் பார்க்காமல் நான் ஒருமுறை பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கினேன். பெட்டி இன்னும் இருக்கிறது. கிட்டார் இல்லை.

எடப்பாடி: 8,000 ரூபாய் பட்ஜெட்டில் எது பெஸ்ட்?

ஐயா, முதல் பதிலைப் படியுங்கள். நான்காவது கேள்விக்காரருக்கும் அதைத்தான் சொன்னேன். இறக்கலாம், ஏற்றக்கூடாது.

வாழப்பாடி: நான் இடதுகைக்காரி. தனி கிட்டார் வாங்கவேண்டுமா?

வேண்டாம். கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டுங்கள். சுரம் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது உங்கள் காதும் இரும்பும்தான், ஆகவே பாலத்தின் சாய்வு பற்றிக் கவலை வேண்டாம்.

கொண்டலாம்பட்டி: பெடல் ஸ்டீல் பற்றிச் சொல்லுங்கள்.

அது காலால் மிதித்துச் சுருதி மாற்றும் வேறு வாத்தியம், வேறு விலை. எனக்கு வாசிக்கத் தெரியாது.

மேச்சேரி: ராகம் வாசிக்க எந்தச் சுருதி நல்லது?

ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இதிலும் கம்பிகள் இறங்கத்தான் செய்யும். டி-யை ஸ என்று வைத்தால் ஏ பஞ்சமம், எஃப் ஷார்ப் அந்தர காந்தாரம். மோகனம், சங்கராபரணம், கல்யாணிக்குப் பொருந்தும். கரகரப்பிரியா, தோடி என்று போனால் மூன்றாவது கம்பி தானாக அதிர்ந்து முகத்தைச் சுளிக்க வைக்கும். அதை எஃப்-க்கு இறக்குங்கள், சாதாரண காந்தாரம் ஆகிவிடும்.

சீலநாயக்கன்பட்டி: ஐயா, கடைசியாக ஒன்று...

வேண்டாம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.

சூரமங்கலம்: அண்ணே, இரும்பு கடைந்துவிட்டேன். கையில் வழுக்குகிறது.

மெருகு சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டறை எண்ணெய் போக சோப்புப் போட்டு இரும்பையும் கையையும் கழுவுங்கள். ஆட்காட்டி விரலை நீளவாக்கில் மேலே வைத்து, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பக்கவாட்டில் பிடியுங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் இரும்புக்குப் பின்னால் கம்பிமேல் படிந்திருக்கட்டும், வேண்டாத அதிர்வை அவை அடக்கும். அழுத்தாதீர்கள், எடையே போதும். எனக்கான துண்டை எப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும்?