கரண்ட் வைக்காமல் இடுப்பு வலி போகுமா?

இருபது ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இடுப்பு வலி பற்றி வந்த கேள்விகளில் சில. கரண்ட் என்று மக்கள் சொல்வது மெஷினால் கொடுக்கும் மின் சிகிச்சையை.

விசைத்தறித் தொழிலாளி: பத்து நாள் கரண்ட் வைத்தும் வலி அப்படியே இருக்கிறது. இன்னும் பத்து நாள் வைக்கலாமா?

வேண்டாம் ஐயா, பணத்தை மிச்சப்படுத்துங்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைச் சிகிச்சை), டென்ஸ், ஐ.எஃப்.டி. (இரண்டும் தோல் வழியாகக் கொடுக்கும் கரண்ட்), டிராக்‌ஷன் (முதுகை இழுத்துப் பிடிப்பது) எதையும் இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்கிறது. இடுப்பு பெல்ட்டுக்கும் அதே பதில்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட வலிக்கு ஏறக்குறைய இதையே சொல்லிவிட்டது.

இளம் பிசியோதெரபிஸ்ட்: வழிகாட்டுதல் எனக்கும் தெரியும் சார். ஆனால் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தால், "இதற்கா ஃபீஸ்?" என்கிறார்களே?

தம்பி, என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கழன்ற செருப்பைக்கூட மனைவியை எடுத்துத் தரச் சொல்வார். குனியச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்பார். அவருடைய முதுகைவிடப் பயம்தான் அதிகம் இறுகியிருந்தது. ஸ்டூல் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கச் சொன்னேன். அடுத்த முறை அதைவிடத் தாழ்வான பலகை, பிறகு தரை. நான்காவது முறை வந்தபோது, கேட்காமலே பையைத் தூக்கிக் காட்டினார். படுக்க வைத்து மெஷினைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தால் அந்தப் பயத்தை நான் பார்த்தே இருக்க மாட்டேன். நம் ஃபீஸ் அதற்குத்தான்.

என் மெஷினும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. விற்க மனம் வரவில்லை, கடன் வாங்கி வாங்கியது. வெந்நீர் ஒத்தடம் மட்டும் இன்றும் கொடுக்கிறேன். புதிதாக வந்த வலிக்குச் சூடு உதவும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

ஆசிரியை, வயது 52: ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. இனி குனியவே கூடாதா?

குனியலாம் அம்மா. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது, 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கு. நரை போலத்தான் அதுவும். ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடைகளின் நடுவே, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கால் பலவீனமாகிக்கொண்டே போவது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்த பிறகு வந்த வலி, இவற்றுக்கும் முதலில் மருத்துவர், பிறகுதான் நான்.

எந்தப் பயிற்சி சிறந்தது? யோகாவா, ஜிம்மா?

எதை விடாமல் செய்வீர்களோ அது. எந்தப் பயிற்சியும் மற்றதைவிடப் பெரிதாக உசத்தி என்று நிரூபணமாகவில்லை. காசில்லாதது வேண்டுமென்றால் நடங்கள். ஆஸ்திரேலியாவில் வலி வந்து குணமான 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட, படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வருவதற்கு 208 நாள் ஆனது. நடைத் திட்டம் தரப்படாத மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம்தான் அவர்களுடைய இலக்கு. முதல் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் கணக்குத்தான்.